தரங்கம்பாடி தந்த எழுத்துப் பாடம்

நல்ல நூலொன்றைப் படித்து முடிக்கும்போது நம் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுவதுண்டு. “என்னே இந்தப் புலவரின் ஆற்றல்!” என்று வியப்பது ஒன்று, “இவரைப் போல் யானும் எழுதுதல் கூடுமோ?” என்று ஏங்குவது மற்றொன்று. வியப்போடு நின்றுவிடுபவர் பலர். ஏக்கம் மிகுந்து, படித்ததை அப்படியே பெயர்த்தெழுதித் தம் எழுத்தென்று மகிழ்பவர் சிலர். இவ்விரு வழியும் எழுதும் ஆற்றலை வளர்ப்பதில்லை. போற்றத்தக்க ஆசிரியரிடமிருந்து பாடம் கற்று, அப்பாடத்தைக் கொண்டு தமக்குரிய நூலைத் தாமே படைக்கும் மூன்றாம் வழி ஒன்று உண்டு. அவ்வழியில் நடந்தவர்களின் அடிச்சுவடுகளைத் தஞ்சை நாட்டுக் கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் இன்றும் காணலாம். அவ்வூரே தரங்கம்பாடி.

தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல். காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே, நெல் வயல்கள் முடிந்து மணல் வெளி தொடங்கும் இடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. கரையோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அலையின் அடிபட்டுப் பழம்பெருமை பேசி நிற்கின்றது. அதன் அருகே டென்மார்க்கு நாட்டார் எழுப்பிய கோட்டை நிற்கின்றது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டு, டேனியர் இங்கு வாணிகம் நடத்தினர். 1845-இல் அவர்கள் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். இடைப்பட்ட ஏறத்தாழ இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகளில், மிளகும் துணியும் ஏறி இறங்கிய இத்துறையில் ஏடும் எழுத்தும் ஏறி இறங்கின.

1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், டென்மார்க்கு மன்னர் அனுப்பிய சமயப் பணியாளர் இருவர் இத்துறையில் இறங்கினர். அவருள் ஒருவர் ஜெர்மானியராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ இருபத்து நான்கு. தமிழ் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தமிழைக் கற்பிக்கும் அச்சு நூலோ அகராதியோ அவர் கையில் இல்லை. அவர் யாது செய்தார்? முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துப் பள்ளியை அங்கேயே நடத்தச் செய்தார். சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்தார். அவர்கள் மணலில் விரலால் எழுதியதைப் போலவே தாமும் எழுதினார். எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கோ ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. பின்னர், ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பவரின் துணையால் சொற்களுக்குப் பொருள் அறிந்துகொண்டார்.

பேசத் தெரிந்தவுடன் அவர் அமைதி அடைந்திருக்கலாம். வாணிகம் செய்ய வந்தவர்களுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. ஆயினும் சீகன்பால்கு, மக்கள் மனத்தில் பதியுமாறு எழுத விரும்பினார். அதற்கு அவர் தேர்ந்த வழி நம் கருத்திற்கு உரியது. தாம் யாரைப் போலப் பேசவும் எழுதவும் விரும்பினாரோ, அத்தகைய தமிழ் நூலாசிரியர்களை முதலில் தேர்ந்தெடுத்தார். காலையில் ஒரு மணி நேரம், முன்னர்க் குறித்து வைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் நினைவுகூர்ந்தார். அதன்பின் நண்பகல் வரை புதிய ஏடுகளைப் படித்தார். புலவர் ஒருவர் அருகில் இருந்து விளக்குவார். எழுத்தர் ஒருவர் அரிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் படிப்புத் தொடர்ந்தது. இரவில் விளக்கொளியில் கண்ணுக்குத் தொல்லை தராமல், தமிழர் ஒருவர் ஏட்டைப் படிக்கத் தாம் செவியால் கேட்டார். தாம் விரும்பிய நூல் ஒன்றை, அதில் உள்ள ஒரு சொல்லும் ஒரு தொடரும் தம் வயப்படாமல் போகாதவாறு, நூறுமுறை போலத் திரும்பத் திரும்பப் பயின்றார். இவ்வாறு தொகுத்த பல்லாயிரம் சொற்கள் பின்னர் அகராதிகளாக உருப்பெற்றன.

இங்கு நாம் பெறும் முதற்பாடம் யாது? நூறு நூல்களை ஒருமுறை படிப்பவன் பல செய்திகளை அறிவான். ஒரு நல்ல நூலை நூறுமுறை படிப்பவன் அது கட்டப்பட்ட முறையை அறிவான். கதையை அறிய முதல் வாசிப்புப் போதும். ஆசிரியர் ஏன் இந்தச் சொல்லை இங்கு வைத்தார், வாக்கியத்தை எங்கே நிறுத்தினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பனவற்றை அறியப் பல வாசிப்பு வேண்டும். நம் இலக்கண ஆசிரியராகிய பவணந்தியாரும் நன்னூலில் இக்கருத்தையே கூறியுள்ளார். இருமுறை கேட்பவனுக்குப் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பவன் முறையறிந்து உரைப்பான் என்றும் அவர் கூறுகின்றார். மேலும், ஆசிரியர் சொல்வதை முழுதும் கேட்டாலும் கால்பங்கு அறிவே வரும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு உரைப்பதால் வரும் என்பது அவர் காட்டும் கணக்கு. சீகன்பால்குவின் நாளை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புலவரிடம் கேட்டார், சிறுவரோடு பயின்றார், எழுதியும் பேசியும் பிறருக்கு உரைத்தார். நன்னூல் வகுத்த நெறி அவருடைய இல்லத்தில் நடைபெற்றது.

படிப்பு அவருடைய மொழியை மட்டும் மாற்றவில்லை, மனத்தையும் மாற்றியது. ஐரோப்பாவில் இருந்தபோது, இந்நாட்டு மக்கள் கல்வியும் ஒழுங்கும் அற்றவர் என்ற எண்ணம் அங்கே பரவியிருந்தது. அவ்வெண்ணத்தோடுதான் அவரும் கப்பல் ஏறினார். திருக்குறளையும் சிவவாக்கியர் பாடல்களையும் பிற நூல்களையும் படித்தபின், அது தவறு என்பதை உணர்ந்து எழுதினார். ஆட்களை உள்நாட்டுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கினார். தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி 1708-ஆம் ஆண்டில் விளக்கக் குறிப்புடன் ஒரு பட்டியல் வரைந்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றனையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் சிறுவர்கள் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த சிறு நூல்கள் அவருக்குத் தமிழரின் அறவுணர்வைக் காட்டும் கண்ணாடிகளாக விளங்கின. அந்த ஆண்டின் இறுதியில் கோட்டைத் தலைவரோடு மாறுபட்டு நான்கு திங்கள் சிறையில் இருந்தார். விடுதலை பெற்றபின்னும் தமிழ்ப் பணியைக் கைவிடவில்லை.

ஏட்டில் விளங்காதவற்றை அவர் மக்களிடமே கேட்டார். அவரும் அவருடைய துணைவர் கிருண்டிலரும் பல பொருள் பற்றிய வினாக்களைத் தமிழர்களுக்கு விடுத்து, அவர்கள் எழுதிய விடைகளைப் பெற்றனர். 1712 முதல் 1714 வரை வந்த அவ்வகைக் கடிதங்கள் 99. அவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஆல்லே நகரில் அச்சாயின. அவ்விடைகளையும் ஏடுகளையும் துணையாகக் கொண்டு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1713-இல் எழுதி முடித்தார். அதன் கதை வருந்தத்தக்கது. அந்நூல் ஜெர்மனி சென்றது, ஆனால் அச்சேறவில்லை. பிற சமயத்தைப் பற்றிய செய்தியை ஐரோப்பாவில் பரப்புவது பணியாளரின் வேலை அன்று என அங்குள்ள தலைவர் கருதினார். 1867-ஆம் ஆண்டில்தான் சென்னையில் அது அச்சாயிற்று. 1719-இல் தம் முப்பத்தாறாம் அகவையில் மறைந்த ஆசிரியர், தம் நூலை அச்சில் காணவில்லை. உண்மையாகக் கற்று எழுதியதை உலகம் உடனே ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனினும், எழுதப்பட்டது அழியாமல் இருந்தமையால் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அது படிப்போரை அடைந்தது. இஃது இரண்டாம் பாடம்.

இனி, அவர் எழுதிய தமிழைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் பணியை 1708-இல் தொடங்கி 1711-இல் முடித்தார். அக்காலத்துத் தமிழில் கற்றோர் போற்றிய நூல்கள் பெரும்பாலும் செய்யுளில் அமைந்தவை. உரைநடையில் நெடுநூல் எழுத முன்மாதிரிகள் குறைவு. முன்னர் வந்த கத்தோலிக்கத் துறவியர் எழுதிய தமிழ் நூல்கள் சில அவருக்குக் கிடைத்தன. சமயக் கருத்தில் அவர் அத்துறவியரோடு உடன்பட்டவர் அல்லர். ஆயினும் அவர்கள் ஆண்ட சொற்களிலிருந்து கற்க அவர் தயங்கவில்லை. நமக்கு உடன்பாடில்லாதவரிடத்தும் கற்கத்தக்கது உண்டு என்பதை இச்செயல் உணர்த்துகின்றது.

அச்சிடும் பணியிலும் இத்தகைய கற்றல் நிகழ்ந்தது. தமிழ் எழுத்துகள் ஆல்லே நகரில் வார்க்கப்பட்டு, 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை அளவில் பெரியனவாக இருந்தமையால் மிகுதியான தாளை விழுங்கின. தாளோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். ஆகவே தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். தாள் செய்யும் ஆலையும் அமைத்தனர். 1715-இல் நிறைவுற்ற அப்புத்தகத்தின் முற்பகுதி பெரிய எழுத்திலும் பிற்பகுதி சிறிய எழுத்திலும் அமைந்ததற்குக் காரணம் இதுவே. பிறர் செய்த எழுத்தை மதித்தார்கள். ஆயினும் தம் ஊரின் தேவைக்கு ஏற்ப அதனைத் திருத்திக்கொண்டார்கள்.

இவ்வளவு உழைத்த சீகன்பால்குவின் தமிழ் குறையற்றதாக இருந்ததோ எனில், இல்லை என்றே கூறவேண்டும். அயன்மொழி வாடையும் தொடர்ப் பிழைகளும் அதில் உண்டு. அவர் காலத்தவரும் தேம்பாவணி பாடியவருமாகிய வீரமாமுனிவர், தரங்கம்பாடியாரின் உரைநடையைக் கடுமையாக எள்ளினார். எள்ளியவரும் ஐரோப்பாவிலிருந்து வந்து தமிழ் கற்றவரே. ஒருவர் செய்யுட் புலவரைப் பின்பற்றிக் காப்பியம் செய்தார். மற்றவர் எளிய மக்களின் பேச்சை நோக்கி உரைநடை செய்தார். இருவரும் விரும்பிப் பயின்ற நூல்களும் எண்ணிய படிப்போரும் வேறுபட்டமையால் நடையும் வேறுபட்டது. யாரைப் பின்பற்றுகின்றோம் என்பதோடு யாருக்காக எழுதுகின்றோம் என்பதும் நம் நடையை முடிவு செய்யும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து பின்னர்ச் சென்னையில் பணிபுரிந்த பெப்ரீசியசு என்பார் பழைய மொழிபெயர்ப்பைப் புதுக்கினார். தாம் எழுதியதைப் பலதிறத்து மக்கள்முன் படித்துக் காட்டி, அவர்கள் செவிக்கு ஒவ்வாத சொற்களை அவர் மாற்றினார். முன்னோரைப் போற்றுதல் என்பது அவர் பிழையையும் சேர்த்துப் போற்றுவதன்று. அவர் தொடங்கியதைத் திருத்தமாகத் தொடர்வதாகும். இது மூன்றாம் பாடம்.

முன்னோரிடம் கடன்வாங்குவது இழுக்கு ஆகாதோ என்று மாணவர் சிலர் ஐயுறலாம். இவ்வையத்திற்கும் நன்னூல் விடை தருகின்றது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக அது பகுக்கின்றது. முன்னோர் நூலின் முடிவை ஏற்றுக்கொண்டு, பின்வருபவர் தாம் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்து, மரபு அழியாமல் செய்வது வழிநூல். இவ்விலக்கணத்தில் இரு கூறுகள் உள்ளன. மரபு அழியாதிருத்தல் ஒன்று. புதிய வேறுபாடு இருத்தல் மற்றொன்று. முன்னது இன்றேல் வேர் இல்லை. பின்னது இன்றேல் கனி இல்லை. வேறுபாடு ஒன்றும் இன்றிப் பெயர்த்தெழுதுவதற்கு நன்னூல் இடம் தரவில்லை.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குபவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். 1774-இல் பிறந்த இவர், சுவார்ட்சு என்னும் பணியாளரின் ஆதரவில் வளர்ந்து, தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் கல்வி பெற்றார். அக்காலத்தில் குறவஞ்சி நூல்கள் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. தலைவன் உலாவருதல், அவனைக் கண்ட தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் குறிசொல்லுதல், சிங்கன் பறவைகளுக்குக் கண்ணி வைத்தல் என்பன அவ்வகை நூல்களின் உறுப்புகள். சாத்திரியார் இவ்வுறுப்புகளை விடாது எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஆனால் அவருடைய குறத்தி நம்பிக்கையின் உருவமாக வருகின்றாள். சிங்கன் விரிக்கும் வலை அறிவுரையின் உருவமாகின்றது. தாம் பள்ளியில் கற்ற வானநூல், நிலநூல் செய்திகளையும் அதில் அமைத்தார். கேட்போருக்கு இசையும் அமைப்பும் பழகியவை, பொருள் புதியது. பழகிய பாத்திரத்தில் புதிய உணவைப் படைக்கும் இக்கலையை அவர் தமக்கு முன்னிருந்த புலவரிடமிருந்தே கற்றார்.

தரங்கம்பாடியோடு தொடர்புடைய மற்றொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் பிறந்த இவர், திருச்சி நீதிமன்றத்தில் பணியாற்றிப் பின் முன்சீபாகி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருடைய நண்பர். 1859-இல் இவர் வெளியிட்ட ‘நீதிநூல்’ பழைய அறநூல்களைப் போல அதிகாரம் வகுத்துச் செய்யுளால் இயன்றது. அதிகாரத் தலைப்புகளைப் பார்த்தால் அவருடைய தனித்தன்மை புலனாகும். பொய், களவு, சூது என்னும் பழைய தலைப்புகளோடு, ‘கைக்கூலி’ என்றும் ‘மாதரைப் படிப்பித்தல்’ என்றும் தலைப்புகள் உள்ளன. நீதிமன்றத்தில் அமர்ந்து அன்றாடம் கண்டவற்றை அவர் எழுதினார். அமைப்பைப் பழம்புலவரிடம் பெற்றார். பொருளைத் தம் கண்முன் நடந்த வாழ்க்கையிலிருந்து பெற்றார்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. தமிழில் உரைநடை நூல்கள் குறைவாக இருப்பதை எண்ணி வருந்தினார். ஐரோப்பிய மொழிகளில் வளர்ந்திருந்த உரைநடைக் கதையின் ஆற்றலை உணர்ந்து, 1879-ஆம் ஆண்டில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் நூலை வெளியிட்டார். தமிழில் எழுந்த முதல் நாவல் அதுவே. தாம் முன்பு செய்யுளில் கூறிய அறங்களைக் கதை மாந்தரின் செயல்களால் விளக்குவது அவர் நோக்கம். வடிவம் மேனாட்டிலிருந்து வந்தது. அதனுள் நிறைந்த கிளைக்கதைகளும் நகைச்சுவையும் பழமொழிகளும் நம் நாட்டு மணம் கமழ்வன. அதன் தலைவியாகிய ஞானாம்பாள் அறிவிலும் துணிவிலும் சிறந்து விளங்குகின்றாள். பெண்கல்வியைச் செய்யுளில் வற்புறுத்தியவர், கதையில் அதன் பயனைக் காட்டினார்.

மாணவர்களே! மேற்கூறிய வரலாறுகளிலிருந்து நீங்கள் மேற்கொள்ளத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் உள்ளம் விரும்பும் நூலாசிரியர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவருடைய சிறந்த பகுதி ஒன்றை வாய்விட்டுப் பலமுறை படியுங்கள். அரிய சொற்களையும் தொடர்களையும் ஏட்டில் குறியுங்கள். பின்னர் நூலை மூடிவைத்து, அச்செய்தியை உங்கள் சொற்களால் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். அவர் நான்கு சொல்லில் கூறியதை நீங்கள் பத்துச் சொல்லில் கூறியிருப்பதை அப்போது காண்பீர்கள். அந்த வேறுபாடே உங்கள் ஆசிரியர். அடுத்து, அவர் கையாண்ட அமைப்பை வைத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றை எழுதுங்கள். அவர் மலையைப் பாடியிருந்தால் நீங்கள் உங்கள் வாய்க்காலைப் பற்றி எழுதலாம். எழுதியதை உடன்பயில்வோருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் விளங்கவில்லை என்று கூறும் இடத்தைச் சினவாமல் திருத்துங்கள்.

ஓவியம், சிற்பம், இசை ஆகிய பிற கலைகளுக்கும் இதுவே வழி. இசை மாணவன் ஆசிரியர் பாடிய பாட்டைப் பலமுறை பாடிப் பழகிய பின்னரே தன் கற்பனையால் ஆலாபனை செய்யத் துணிகின்றான். குடந்தைக்கு அருகில் சுவாமிமலையில் வெண்கலச் சிலை வடிக்கும் சிற்பியர், முன்னோர் வகுத்த அளவுகளைக் கைவரப் பயின்ற பின்னரே முகத்தில் அருளைக் கொணர முற்படுகின்றனர். அளவு மரபிலிருந்து வருவது. அருள் அவரவர் கையிலிருந்து வருவது.

நெற்பயிர் முதலில் நாற்றங்காலில் நெருங்கி வளர்கின்றது. உரிய பருவத்தில் அதனைப் பறித்து அகன்ற வயலில் நடுகின்றனர். நாற்றங்காலில் நன்கு வளராத நாற்று வலிமை பெறாது. அங்கேயே நெருங்கி நிற்கும் பயிர் செழித்துக் கதிர் ஈனாது. நாம் போற்றும் ஆசிரியரின் நூல் நமக்கு நாற்றங்கால். நம் ஊரும் நம் காலமும் நம் வயல். மணலில் விரலால் எழுதிப் பழகிய ஒருவர் தமிழ் அச்சு வரலாற்றில் இடம்பெற்றதும், முன்சீபு ஒருவர் தமிழ் நாவலுக்குத் தந்தையானதும் இவ்வுண்மையை அறிந்தமையால் அன்றோ?